பிரம்மா கண்ட டைனோசரும் மண்வெட்டி கண்ட டைனோசரும்

2019-ம் வருஷம் ஜனவரி மாதம் பஞ்சாபிலுள்ள ஜலந்தர் நகரில் இந்திய விஞ்ஞான காங்கிரஸ் கூடிற்று. அந்த மகாநாட்டில் ஒரு பேராசிரியர், அதுவும் பூமிக்குள் புதைந்து கிடக்கும் எலும்புகளை ஆராய்வதையே ஜீவனமாகக் கொண்ட ஒருவர், டைனோசரை முதன்முதலில் கண்டுபிடித்தவர் பிரம்மாவே என்றும், அந்த விஷயம் வேதத்திலேயே இருக்கிறதென்றும் பேசியதாகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. கோயில் மண்டபத்தில் புராணம் சொல்லுகிறவர் இப்படிச் சொன்னால் அது அவருடைய தொழில் என்று விட்டுவிடலாம். விஞ்ஞான சபையில், விஞ்ஞானத்தின் பேரால் சம்பளம் வாங்குகிறவர் இப்படிச் சொல்லுவாரானால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தோழர்களையே யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக் கொள்கிறோம்.

"யாரோ ஒருவர் உளறினார், சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கலாம். நாமும் சிரித்துவிட்டுப் போகத் தயார்தான். ஆனால் அதற்கு முந்தின வருஷம், 2018 ஜனவரியில், கல்வி இலாகாவைக் கவனித்து வந்த மத்திய இணை மந்திரி ஒருவர், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, ஆகையால் டார்வின் சொன்னது தப்பு என்றார். 2023-ல் மத்திய பாடப்புத்தக சபையார் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அது கூடாதென்று கையெழுத்திட்டுக் கேட்டுக் கொண்டார்கள். ஆகவே இது ஒருவருடைய உளறலாக நிற்கவில்லை. ஒரு பக்கத்தில் பாடம் போகிறது. மறு பக்கத்தில் பிரம்மா வருகிறார். நம் பிள்ளைகளின் மூளைக்குள் எது போக வேண்டும், எது போகக் கூடாது என்பதே இங்கு கேள்வி. அதனால்தான் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியதாயிற்று.

பிரம்மா கண்டுபிடித்தார் என்கிறார்களே, என்ன கண்டுபிடித்தார்? எந்த ஊரில், எந்த மண்ணில், எந்த எலும்பைக் கண்டார்? அதன் தொடை எத்தனை முழம்? பல் கறி தின்னும் பல்லா, தழை தின்னும் பல்லா? அது முட்டையிட்டதா, குட்டி போட்டதா? இவற்றில் ஒன்றுக்காவது வேதத்தில் பதில் உண்டா? டைனோசர் என்ற பெயரே 1842-ல் ரிச்சர்ட் ஓவன் என்ற இங்கிலாந்துக்காரர் கிரேக்க மொழிச் சொற்களைக் கொண்டு உண்டாக்கியது. அதற்கு முன் எத்தனையோ நூற்றாண்டுகளாக வேதத்தைத் தலைகீழாகவும் ஒப்பித்தவர்கள் இருந்தார்களே, அவர்களில் ஒருவராவது, "பூமிக்குள் இப்படி ஒரு பிராணியின் எலும்பு கிடக்கிறது, இன்ன இடத்தில் தோண்டுங்கள்" என்று சொன்னதுண்டா? இல்லை. வேறு எவனோ வெயிலில் நின்று தோண்டி எடுத்து, கழுவி, அளந்து, பெயரிட்ட பிறகுதான், அது வேதத்தில் இருப்பது இவர்களுக்குத் தெரிய வருகிறது. ஆகாய விமானமும் அப்படியே, அணுகுண்டும் அப்படியே. கண்டுபிடிக்கும் கஷ்டம் மற்றவர்களுக்கு. கண்டுபிடித்த பெருமை மாத்திரம் இவர்களுக்கு!

இந்த நாட்டில் டைனோசர் எலும்பு உண்மையில் எப்படி வெளிப்பட்டது என்பதைப் பாருங்கள். 1828-ல் ஜபல்பூருக்கு அருகில் ஸ்லீமன் என்ற பட்டாள உத்தியோகஸ்தர் கல்லாய்ப் போன சில எலும்புகளைக் கண்டெடுத்தார். அப்போது டைனோசர் என்ற வார்த்தையே உலகத்தில் இல்லை. அவர் அதற்கு மாலை போடவில்லை. இன்ன அசுரனுடையது என்று கதை கட்டவுமில்லை. கிடைத்த இடத்தைக் குறித்து வைத்து, ஆராயத் தெரிந்தவர்களிடம் சேர்ப்பித்தார். 1877-ல் லிடெக்கர் என்பவர் அதிலிருந்த வால் எலும்புகளைச் சோதித்து, டைட்டனோசரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். பிறகு அந்த எலும்புகள் எங்கே போயின என்று தெரியாமல் வெகுகாலம் காணாமற் போயிருந்து, 2012-ல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்புகளிலேயே மறுபடியும் கண்டெடுக்கப்பட்டன.

இதில் முக்கியமான விஷயம் வேறொன்று. லிடெக்கர் எந்த அடையாளத்தைக் கண்டு அதைத் தனி இனம் என்றாரோ, அந்த அடையாளம் உலகத்தின் மற்றப் பாகங்களில் கிடைத்த எத்தனையோ பிராணிகளின் வாலிலும் இருப்பது பின்னால் தெரிந்தது. எல்லாருக்கும் பொதுவான மச்சத்தை வைத்து ஒருவனை அடையாளம் சொல்ல முடியுமா? ஆகவே அந்தப் பெயர் செல்லத்தக்கதல்ல என்று 2003-ல் வில்சன், அப்சர்ச் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் எழுதினார்கள். 126 வருஷம் வழங்கி வந்த பெயர்; பெரியவர் வைத்த பெயர்; இந்தியாவின் முதல் டைனோசர் என்ற கௌரவம் பெற்ற பெயர். ஆதாரம் போதவில்லை என்றவுடன் தள்ளுபடி! இதற்காக யாரையும் சாதிப் பிரஷ்டம் செய்யவில்லை. யாரையும் நரகத்துக்கு அனுப்பவில்லை. விஞ்ஞானத்தின் யோக்கியதை இதில்தான் இருக்கிறதென்று சொல்லுவோம்.

நிற்க, இமயமலையின் அடிவாரத்திலுள்ள சிவாலிக் குன்றுகளுக்கு வருவோம். பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் என்ற டில்லி சுல்தான் வாய்க்கால் வெட்டுவித்தபோது பெரிய பெரிய எலும்புகள் அகப்பட்டன என்றும், அவற்றில் சில மனிதருடைய எலும்புகளென்று எண்ணப்பட்டன என்றும் பெரிஷ்தா என்ற சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறார். பூர்வத்தில் மனிதர்கள் பனைமர உயரம் இருந்தார்கள் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? வந்தது எலும்பு, கிடைத்தது கதை, முடிந்தது ஆராய்ச்சி. பிறகு நானூறு, ஐந்நூறு வருஷ காலம் அந்த எலும்புகள் சும்மாதான் கிடந்தன.

1830-களில் அதே குன்றுகளில் பால்கனர் என்ற வைத்தியரும், காட்லி என்ற வாய்க்கால் எஞ்சினீயரும் தோண்டத் தொடங்கினார்கள். பால்கனருக்குச் சகரன்பூர் தோட்டத்தைப் பார்த்துக் கொள்ளும் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க அங்கே காட்சிசாலையும் இல்லை, எலும்புக்கூடுகளும் இல்லை. என்ன செய்தார்கள்? காட்டிலிருந்த புலியையும் மானையும் எருமையையும், ஆற்றிலிருந்த முதலையையும் கொன்று, சதையை நீக்கி, எலும்புக்கூடுகளைத் தயார் செய்து, கல்லில் கிடைத்த ஒவ்வொரு எலும்பையும் அதற்கு நேரான எலும்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தாடை தாடையோடு, முழங்கால் முழங்காலோடு. இதுதான் முறை. பல்லைப் பார்த்தால் தின்ற இரை தெரியும். கால் எலும்பைப் பார்த்தால் நடந்த நடை தெரியும். கண் குழியும் காதுக் குழியும் எந்தக் குடும்பம் என்று சொல்லும். இப்படித் தேடியதில்தான், மனிதனுடையதென்றும் அசுரனுடையதென்றும் நினைத்தவையெல்லாம் மறைந்து போன யானை இனங்கள், நீர்யானைகள், பெரிய ஆமைகள் முதலியவை என்று வெளிப்பட்டது.

அவற்றில் ஒன்றுக்கு 1836-ல் அவர்கள் சிவதீரியம், அதாவது சிவனுடைய மிருகம், என்று பெயரிட்டார்கள். உடனே, "பார்த்தீர்களா, வெள்ளைக்காரனே சிவனை ஒப்புக் கொண்டான்" என்பார்கள் சிலர். குன்றின் பெயர் சிவாலிக். அங்கே கிடைத்த மிருகத்திற்கு அதையொட்டி ஒரு பெயர். அவ்வளவுதான். அந்தச் சிவனுடைய மிருகமோ நான்கு கொம்புள்ள, ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான ஒரு தழை தின்னி. ரிஷபமுமல்ல, நந்தியுமல்ல. குழந்தைக்குப் பழநி என்று பெயர் வைத்தால் அதைச் சுமந்து கொண்டு யாரும் மலையேறிக் காவடி எடுப்பதில்லை.

இந்தப் பெயர்க் கூத்தில் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. 1910-ல் பில்கிரிம் என்பவர் அதே சிவாலிக் மண்ணில் கிடைத்த ஒரு வாலில்லாக் குரங்கின் எலும்புக்குச் சிவபித்தகஸ் என்று பெயரிட்டார். 1934-ல் லூயிஸ் என்ற அமெரிக்கர் அங்கே கிடைத்த வேறு தாடைகளைத் தனித்தனி இனமென்று கருதி ராமபித்தகஸ், பிரமபித்தகஸ், சுக்ரீவபித்தகஸ் என்று பெயர் சூட்டினார். பித்தகஸ் என்றால் குரங்கு. இவற்றில் ராமபித்தகஸை மனிதனுடைய முதல் மூதாதை என்று 1960-களில் பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்களே சொன்னார்கள், பாடப்புத்தகங்களிலும் ஏறிற்று. பிறகு பாகிஸ்தானத்துப் போட்வார் மேட்டு நிலத்தில் சிவபித்தகஸின் முகத்தோடு கூடிய மண்டையோடு ஒன்று அகப்பட்டது. 1982-ல் அதை விவரித்து எழுதினார் பில்பீம். அந்த முகம் மனிதனுக்கு அல்ல, சுமத்ரா, போர்னியோக் காடுகளிலுள்ள ஒராங் ஊட்டான் குரங்குக்கே ஒத்திருந்தது. ராமபித்தகஸும் சிவபித்தகஸும் ஒன்றே என்றும் ஆயிற்று. ராமரும் பிரம்மாவும் சுக்ரீவனும் சிவனுக்குள் அடங்கிப் போனார்கள்! எத்தனையோ நூற்றாண்டாகச் சைவரும் வைணவரும் வாதாடித் தீராத வழக்கை ஒரு தாடை எலும்பு தீர்த்து வைத்துவிட்டதென்று நாம் சந்தோஷப்படலாம்.

வேடிக்கை இருக்கட்டும். இங்கே கவனிக்க வேண்டியது, ராமபித்தகஸே மனிதனின் மூதாதை என்று முன்பு வாதாடியவர்களில் முக்கியமானவர் இந்தப் பில்பீமே. தாம் சொன்னதற்கு விரோதமான எலும்பு கிடைத்தவுடன், அதை மறைத்து வைக்காமல், தாமே உலகத்தாருக்குக் காட்டினார். "நான் முன்பு சொன்னது சரியல்ல" என்று சொல்லிய ஒரு புராணிகரை, ஒரு ஆசாரியரை, ஒரு மடாதிபதியை யாராவது காட்ட முடியுமா?

இன்னொரு சங்கதியும் கேளுங்கள். மங்கோலியாவிலுள்ள கோபிப் பாலைவனத்தில் 1923-ல் ஆண்ட்ரூஸ் தலைமையில் சென்ற அமெரிக்கக் கூட்டத்தார் டைனோசர் முட்டைகளைக் கண்டார்கள். முட்டைகளின் மேல் ஒரு சிறு டைனோசரின் எலும்புக்கூடு கிடந்தது. முட்டை வேறொரு பிராணியுடையது, இது அதைத் தின்ன வந்த திருடன் என்று எண்ணி, 1924-ல் ஆஸ்பார்ன் என்பவர் இதற்கு ஓவிராப்டர், அதாவது முட்டைத் திருடன், என்று பெயர் வைத்தார். இந்தப் பெயர் தப்பான எண்ணத்தை உண்டாக்கக் கூடும் என்று அவரே அப்போது எச்சரித்தும் இருந்தார். 1993-ல் அதே பாலைவனத்தில் அதே மாதிரி முட்டை ஒன்றுக்குள் குஞ்சின் எலும்பு அகப்பட்டது. பார்த்தால், அது அந்தத் திருடன் குடும்பத்துக் குஞ்சு! பிறகு முட்டைகளைக் கால்களாலும் கைகளாலும் அணைத்து, கோழி போல் உட்கார்ந்தபடியே மண் மூடி மாண்ட எலும்புக்கூடும் வெளிப்பட்டது. எழுபது வருஷம் திருட்டுப்பட்டம் சுமந்தது, தன் முட்டையைக் காத்துக் கிடந்த பிராணி. பெயரிடும் விதிப்படி முதலில் வைத்த பெயர் மாறாது. ஆனால் குற்றம் நீங்கிவிட்டது. உலகமறிய நீங்கிவிட்டது. நம் நாட்டிலோ ஒருவனை அசுரன் என்று ஒரு கதையில் எழுதிவிட்டால், அவனுக்கு மறு விசாரணையே கிடையாது. வருஷா வருஷம் அவன் செத்த நாளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பட்டாசு கொளுத்துகிறோம். அவன் செய்த குற்றம் என்ன, சாட்சி யார் என்று கேட்டால் நாஸ்திகம்!

இந்த விஷயத்தில் மூடத்தனம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. சீன தேசத்தில் கல்லான எலும்புகளை நாக எலும்பு என்று நம்பி, இடித்துப் பொடியாக்கி மருந்தாகத் தின்று வந்தார்கள். வயிற்றுக்குள் போன சரித்திரம் எவ்வளவோ! 1935-ல் வான் கோனிக்ஸ்வால்டு என்பவர் அப்படிப்பட்ட மருந்துக் கடையில் ஒரு பெரிய கடைவாய்ப் பல்லைக் கண்டார். பொடியாவதற்குள் அவர் கையில் சிக்கிய அந்தப் பல்லிலிருந்துதான், உலகத்தில் வாழ்ந்த குரங்குகளிலெல்லாம் பெரிதான ஜைகான்டோபித்தகஸ் இருந்தது தெரிந்தது. பீக்கிங் நகருக்கு அருகில், ஜனங்கள் நாக எலும்பு பொறுக்கி வந்த அதே பக்கத்துக் குன்றில், 1929-ல் பெய் வென்சுங் என்ற சீன வாலிபர் ஆதி மனிதனுடைய மண்டையோட்டை எடுத்தார். ஒரே எலும்புதான். நம்பினவனுக்குச் சூரணம் ஆயிற்று. சந்தேகப்பட்டவனுக்குச் சரித்திரம் ஆயிற்று.

"விஞ்ஞானிகளிலும் மோசக்காரர்கள் இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். 1999-ல் சீனாவிலிருந்து கடத்தி விற்கப்பட்ட ஒரு கல்லை, பறவைக்கும் டைனோசருக்கும் நடுவிலுள்ள பிராணி என்று அமெரிக்காவின் பிரபலமான பத்திரிகை ஒன்று கொட்டி முழக்கிற்று. அதற்கு ஆர்க்கியோராப்டர் என்று பெயரும் ஆயிற்று. அதைக் கூடவே ஆராய்ந்த ஷூ ஷிங் என்ற சீன விஞ்ஞானி, அந்த வாலின் மறுபாதிக் கல் வேறொரு பிராணியின் உடம்போடு இருப்பதைத் தம் நாட்டில் கண்டுபிடித்து, இது வெவ்வேறு பிராணிகளை ஒட்டிச் செய்த பித்தலாட்டம் என்று வெளியிட்டார். சில மாதத்திற்குள் மோசம் அம்பலமாயிற்று. பத்திரிகையும் ஒப்புக் கொண்டது. மனித உடம்பில் யானைத் தலையை ஒட்டிய கதைக்கு எத்தனை நூற்றாண்டு ஆயிற்று? இன்னும் ஒட்டுப்போட்ட இடத்தைச் சோதித்தவர் யார்?

இனி, "தசாவதாரமே பரிணாமம்தான், முதலில் மீன், பிறகு ஆமை, பிறகு பன்றி, பிறகு மனிதன் என்று எங்கள் பெரியோர் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்ற வாதத்திற்கு வருவோம். கொஞ்சம் இங்கிலீஷ் படித்த ஆஸ்திகர்களுக்கு இது மிகவும் பிடித்த வாதம். டைனோசர்கள் சுமார் 23 கோடி வருஷத்திற்கு முன் தோன்றி, 6 கோடியே 60 லட்சம் வருஷத்திற்கு முன் வரையில் பூமியை ஆண்டன. 16 கோடி வருஷ ராஜ்யம்! பத்து அவதாரத்தில் அதற்கு ஒரு அவதாரமாவது உண்டா? பிரம்மாவுக்குத் தெரிந்த டைனோசர் விஷ்ணுவுக்குத் தெரியாமல் போனதேன்? ஆமைக்கும் பன்றிக்கும் நடுவில் இவ்வளவு பெரிய கூட்டத்தையே மறந்துவிட்ட ஒரு ஜாபிதாவுக்குப் பரிணாமம் என்று பெயரா? அன்றியும் பரிணாமம் என்பது ஒன்றின் சந்ததி கொஞ்சம் கொஞ்சமாய் மாறி மற்றொன்றாவது. அவதாரமோ ஒரே ஆள் பத்து வேஷம் போடுவது. மீன் ஆமையைப் பெற்றதென்று எந்தப் புராணத்திலும் இல்லை.

மீனைப் போல் தோன்றும் திமிங்கிலத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். அது கடலிலிருந்து தரைக்கு வந்ததல்ல. தரையிலிருந்து கடலுக்குப் போனது. சுமார் 5 கோடி வருஷத்திற்கு முன் நான்கு காலோடு நடந்த திமிங்கிலத்தின் எலும்பு பாகிஸ்தானத்தில் கிடைத்து, 1981-ல் பாக்கிசெட்டஸ் என்று பெயர் பெற்றது. நடக்கவும் நீந்தவும் கூடிய இன்னொன்று 1994-ல் வெளியாயிற்று. காஷ்மீரத்துக் காலகோட் பக்கத்தில் ரங்கராவ் என்ற இந்தியப் புவியியலாளர் சேகரித்த கற்கள் வெகுகாலம் கிடந்து, அவர் காலமான பின் அவருடைய மனைவியாரால் தேவிசன் என்ற விஞ்ஞானியிடம் சேர்ந்தன. கல்லைச் சுத்தம் செய்யும்போது சருகுமான் போன்ற ஒரு சிறு பிராணியின் மண்டையோட்டில் காதுப் பக்கம் தற்செயலாக உடைந்தது. உள்ளே, திமிங்கிலத்திற்கே உரியதென்று கருதப்பட்ட தடித்த காதெலும்பு! 2007-ல் இது வெளியாகி, திமிங்கிலத்திற்கு மிக நெருங்கிய உறவு குளம்புள்ள ஒரு சிறு தரை மிருகம் என்று தெளிவாயிற்று. யாரும் கண்ணால் பார்க்கவில்லையே என்று மந்திரி கேட்டதற்குப் பதில் இதுதான். திருடனை யாரும் பார்க்காவிட்டாலும், கால்தடமும் கைரேகையும் பார்த்துக் கண்டுபிடிக்கிறோமல்லவா? பிரம்மா உலகத்தைப் படைத்ததை மாத்திரம் யார் கண்ணால் பார்த்தார்கள்?

ஒருவேளை பூர்வ ஜனங்கள் வாய்க்கால் வெட்டும்போதும் உழும்போதும் இப்பேர்ப்பட்ட எலும்புகளைக் கண்டு, பயந்து, அசுரர் கதையும் உலகைச் சுமக்கும் ஆமைக் கதையும் கட்டியிருக்கலாம். சிவாலிக்கில் ராட்சச ஆமையின் ஓடு கிடைத்தபோது பால்கனரே அப்படி யோசித்தார். அப்படியானாலும், எலும்பைப் பார்த்துக் கதை பிறந்தது என்றுதான் ஆகுமே தவிர, கதை உண்மையென்று எலும்பு சாட்சி சொன்னதாக ஆகாது. அறியாத காலத்தில் கதை கட்டியவர்களை நாம் குறை சொல்லவில்லை. அறிந்த காலத்திலும் அதைக் கட்டிக் கொண்டு அழுகிறவர்களைத்தான் குறை சொல்லுகிறோம்.

மத்தியப் பிரதேசத்துத் தார் ஜில்லாவில் பட்லியா என்ற கிராமத்தில் உழவர்கள் நிலத்தில் கிடைத்த உருண்டைக் கற்களை எல்லைச் சாமியாக வைத்து, தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்து வந்தார்கள். அவை டைனோசர் முட்டைகள் என்று லட்சுமணபுரி பீர்பல் சகானி நிலையத்து நிபுணர்கள் சொன்னதாக 2023-ல் செய்தி வந்தது. அதே ஜில்லாவில் 92 முட்டைக் கூடுகளும் 256 முட்டைகளும் கண்டு விவரித்ததாக அவ்வருஷமே டில்லி சர்வகலாசாலையாரும் மற்றவர்களும் எழுதினார்கள். அந்த உழவர்களை நாம் பரிகசிக்க மாட்டோம். அவர்களுக்கு யார் பள்ளிக்கூடம் வைத்தார்கள்? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பூசை செய்ததனால் அந்த முட்டைகள் உடையாமலாவது இருந்தன. பரிகாசத்திற்குரியவர்கள் பட்டம் பெற்றும் அந்தக் கல்லின் முன் கண்ணை மூடிக் கொள்ளுகிறவர்களே.

நம் தமிழ்நாட்டின் கதையையும் சொல்ல வேண்டும். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் மிகப் பெரிய டைனோசரின் எலும்புகள் கிடைத்து, யாதகிரி, அய்யாசாமி என்ற இருவரால் புருகத்காயசாரஸ் என்று பெயரிடப்பட்டன. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மாத்திரம் சுமார் 2 மீட்டர் நீளமென்று கணக்கு. முதலில் அதைக் கறி தின்னும் கூட்டத்தில் சேர்த்தார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தழை தின்னிகளோடு சேர்த்தார்கள். உலகத்திலேயே மிகப் பெரிய பிராணிகளில் ஒன்றாக இருந்திருக்குமோ என்று பல தேசத்தாரும் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் திரும்பச் சோதித்துப் பார்க்க அந்த எலும்பு இல்லை. மழையில் நனைந்து, நொறுங்கி, மண்ணாய்ப் போய்விட்டது! இன்று மிஞ்சியிருப்பது சில படங்களும் அளவுகளும்தான். கல்லுச் சாமிக்குப் பாலும் நெய்யும் தயிரும் பன்னீரும் ஊற்றப் பணமுள்ள இந்த நாட்டில், 6 கோடி வருஷத்திற்கு மேல் மண்ணுக்குள் காத்திருந்த எலும்பின் மேல் பூசப் பசையும் சுற்றிக் கட்டச் சாக்கும், நனையாமல் வைக்க ஒரு கூரையும் அகப்படவில்லை. பிரம்மா கண்டுபிடித்தார் என்று பெருமை பேசுகிறவர்கள் கூட இதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாக நமக்குத் தெரியவில்லை.

ஆகவே தோழர்களே, கிணறு வெட்டும்போதும், கல் உடைக்கும்போதும், ஏரி தூர் வாரும்போதும், எலும்பு போன்ற கல்லோ முட்டை போன்ற கல்லோ அகப்பட்டால் அதற்கு மஞ்சள் குங்குமம் வைக்காதீர்கள், உடைத்துப் பார்க்காதீர்கள், காசுக்கு விற்காதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக் கொண்டு, புவியியல் துறையாருக்கோ பக்கத்துக் கல்லூரியாருக்கோ காட்சிசாலைக்கோ தெரியப்படுத்துங்கள். திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு ஓடுவதற்குப் பதில் ஒரு நாளாவது காட்சிசாலைக்கு அழைத்துப் போய், எலும்பைக் காட்டி, இது எதனுடையது, எப்படித் தெரிந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பில் எடுத்துப் போட்ட பாடத்தை வீட்டிலும் வாசகசாலையிலும் நடத்துங்கள். எவனாவது வந்து பிரம்மா கண்டார் என்றால், "எலும்பு எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு அவன் பதில் சொல்லும் வரையில் தோண்டுகிறவன் சொல்லையே நம்புவோம். அவனும் நாளைக்குத் தோண்டி வேறு எலும்பு காட்டினால், அன்றைக்கு அதை நம்புவோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதற்குப் பெயர்தான் பகுத்தறிவு.